என் பெயர் வந்த சீட்டு

டின்னுக்குள் கடைசியாகக் கிடந்த சீட்டை எடுத்துப் பிரித்தேன். விசாலாக்ஷி என்று இருந்தது. அது என் பெயர். எழுதியவளும் நான், மடித்துப் போட்டவளும் நான், எடுத்தவளும் நான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் மாதர் சமாஜத்தில் வருஷாவருஷம் நடப்பதுதான். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவளுக்குக் கையால் பூவேலை செய்து ஒரு பரிசு தைக்க வேண்டும். விஜயதசமி சாயங்காலம், பூஜையில் வைத்த ஊசிகளை எடுத்த பிறகு, பரிசுகளைக் கொடுப்போம். யாருக்கு யார் தைத்தது என்பது ரகசியம். தன் பெயரே வந்துவிட்டால் சீட்டைத் திரும்பப் போட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டின்னைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறவள் கடைசியில்தான் எடுப்பாள். அவள் திரும்பப் போட்டு என்ன பிரயோஜனம்? எழுபத்தொன்பதாம் வருஷம் டின்னைப் பிடித்தவள் நான்.

நான் பிரித்துப் பார்ப்பதற்குள் எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தலைவி சீதாலக்ஷ்மி மாமியின் வீடு அடுத்த தெருதான். போய்ச் சொல்லியிருந்தால் மறுபடி குலுக்கியிருப்பாள். அதற்கு நான் அவள் வாசலில் நின்று, "எனக்கு மட்டும் தைக்க ஆளில்லை" என்று சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், கல்யாணமாகாமல், தனியாக இருக்கிறவள் அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சீட்டை மட்டுமா நினைப்பார்கள்? போகவில்லை.

என்னிடமும் ஒரு கோளாறு உண்டு. யார் எந்தத் துணியைக் காட்டினாலும் கை தானாகத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் பூப் போடலாம். தைத்தவளின் லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும். முடிச்சைக் கண்டால் என் முகம் கோணிவிடும். அதனால் என் சீட்டு வந்தவர்கள் பயந்துபோய் எறணாகுளத்துக் கடையில் மிஷின் வேலை செய்ததை வாங்கி, விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டுக் கொடுத்தார்கள். போன மூன்று வருஷமும் அதேதான். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். ஒருத்தியாவது எனக்கென்று உட்கார்ந்து நூல் கோக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பேராசைதான் போலிருக்கிறது. இந்த வருஷம் கடைக்குப் போகக்கூட ஆளில்லை.

சரி, நானே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். விஜயதசமியன்று மற்றவர்களோடு நானும் பொட்டலத்தைப் பிரித்து, ஆச்சரியப்பட்டு, மானத்தோடு வீடு திரும்பினால் போதும்.

வழக்கமாகச் சீட்டு வந்ததும் அவளுக்கு என்ன பிடிக்கும், எந்தக் கலர் கட்டுவாள், வீட்டில் எது பழசாகியிருக்கிறது என்று ஜாடையாக விசாரிப்பேன். இப்போது என்னைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? ஒரு வாரம் நானே என்னைக் கவனித்தேன். பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப் அடிக்கிறாள். தலைமுடியில்கூட மிளகு நெடியோடு வீட்டுக்கு வருகிறாள். காப்பி போட்டால் ஒரு டம்ளர்தான். தம்பி வெங்கிடேஸ்வரன் பம்பாய்க்குப் போன பிறகு இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது. வந்தவுடன் ரேடியோவைத் திருகுகிறாள், படுக்கிறவரை நிறுத்துவதில்லை. அந்த வீட்டில் பேசுவது அது ஒன்றுதான். பார்க்கப் பார்க்க அவள் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது, கோபமும் வந்தது.

ரேடியோவுக்கு ஓர் உறை தைத்தேன். வெள்ளைக் கேஸ்மெண்ட் துணியில் மிளகுக் கொடி. இலைக்கு இரண்டு பச்சை, மணிக்குக் கறுப்பும் சிவப்பும். பின்பக்கம் ஒரு முடிச்சுக் கிடையாது. வேறு யாருக்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை. நவராத்திரிக்கு முன்னாலேயே முடித்து, காகிதத்தில் சுற்றி, என் பெயரைக் கோணல்மாணலாக எழுதி ஒட்டினேன். கண்ணாடி முன் நின்று ஆச்சரியப்பட்டும் பார்த்துக்கொண்டேன். சகிக்கவில்லை.

விஜயதசமியன்று சுண்டல் முடிந்து பொட்டலங்களை நடுவில் குவித்ததும் சீதாலக்ஷ்மி மாமி எழுந்தாள்.

"இந்த வருஷம் ஒரு மாத்தம். பொட்டலத்தைப் பிரிச்சதும் தச்சவா எழுந்து நிக்கணும். எத்தனை நாள்தான் ஒளிச்சு வெக்கறது?"

எல்லாரும் கை தட்டினார்கள். நான் என் பொட்டலத்தைக் குவியலுக்கு அடியில் தள்ளினேன்.

ஒவ்வொருத்தியாகப் பிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள், கட்டிக்கொண்டார்கள், சிரித்தார்கள். சுள்ளிக்கல்லிலிருந்து வரும் கமலாக்ஷி ஒரு தட்டு மூடியைத் தைத்திருந்தாள். அவள் புருஷன் தோப்பும்படியில் காப்பி கிளப் வைத்திருக்கிறான். வாய் ஓயாதவள், பேச்சில் பாதி மலையாளம். தையல் என்றால் நூலும் ஊசியும் அவளைக் கண்டு அழும். அவள் எழுந்து, "முடிச்சை எண்ணப்படாது, கேட்டேளா!" என்றாள். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுந்து நிற்காதவள் நான் ஒருத்திதான் பாக்கி. பிரிக்காத பொட்டலமும் என்னுடையதுதான் பாக்கி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பிரித்தேன். மிளகுக் கொடி வெளியே வந்தது. பழக்க தோஷம், கை தானாகத் திருப்பியது. பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். முடிச்சில்லாத பின்பக்கம் அந்தச் சமாஜத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் வரும்.

"யாராக்கும் தச்சது?" என்றாள் மாமி.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். மாமியின் முகம் மாறுவது தெரிந்தது. புரிந்துவிட்டது, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைக்கிறாள். அந்தப் பார்வைக்குத்தானே ஆடியிலிருந்து பயந்தேன்? செத்துப் போய்விடலாம் போலிருந்தது. உறையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தேன்.

"நானாக்கும்" என்றது ஒரு குரல்.

கமலாக்ஷி மறுபடியும் எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ரெண்டு சீட்டு ஒட்டிண்டு வந்துடுத்து, மாமி. பறயலாம்னு நெனச்சேன், ஓர்மை இல்லாமப் போச்சு, மறந்தே போயிட்டேன். பாவம், விசாலம் அக்காவுக்கு டின்னுல ஒண்ணும் மிஞ்சியிருக்காது. வெளியில சொல்லவும் மாட்டா."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தட்டு மூடியின் முடிச்சுகள் எதிரிலேயே கிடக்க, அவள் என் மிளகுக் கொடியைத் தன்னுடையது என்றாள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. "நன்னாத் தச்சிருக்காய், கமலாக்ஷி" என்று மாமி சொன்னாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் ரவிக்கையில் காப்பிப்பொடி வாசனை.

எனக்கு நன்றி வரவில்லை. நிஜத்தைச் சொல்கிறேன், ஆத்திரம்தான் வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து எனக்குப் பிச்சை போட்டார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமினேன். ரேடியோவுக்கு உறையைப் போட்டேன். பாட்டு எப்போதும்போலத்தான் கேட்டது. அழுதேன். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டிய சத்தம். கமலாக்ஷி, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். நாற்காலியில் இருந்த துணியை அவளே எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னது இது?"

"உங்களோடதுதான். ரெண்டு சீட்டுன்னு எல்லார் முன்னாலயும் பறஞ்சாச்சு. அது பொய்யாப் போகப்படாதில்லையா? விஜயதசமியன்னிக்குப் பொய் சொன்னா ஊசி பிடிக்க வராதாம்."

"இல்லாட்டா மட்டும் உனக்கு வந்துதாக்கும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பொட்டலத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "எந்தாயாலும், என்னதான் ஆனாலும், திருப்பிப் பாக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ" என்றாள். பண்ணினேன். அன்று இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஓடினாள்.

தலையணை உறை. மூலையில் ஒரு பூ. ரோஜாவா தாமரையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஓரிடத்தில் நூல் தீர்ந்து வேறு சிவப்பில் தொடர்ந்திருந்தாள். ஓரிடத்தில் பிரித்துத் தைத்த ஊசி ஓட்டைகள் இருந்தன. உள்பக்கத்தைப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தான். பார்க்காமலேயே தலையணையை உள்ளே திணித்தேன். ரேடியோவைப் போட மறந்து படுத்தேன். பூவின் மேல் கன்னம் பட்டதும் முடிச்சுகள் உறுத்தின. ஒவ்வொன்றும் அவள் நூலை அறுத்து, மறுபடி கோத்து, எனக்காக மறுபடி ஆரம்பித்த இடம். அந்தப் பக்கமே படுத்துத் தூங்கிப்போனேன்.

எழுந்து கண்ணாடி பார்த்தால் கன்னம் முழுக்கத் தடம், அம்மை வார்த்த மாதிரி. சாயங்காலப் பாலுக்கு நேரமாகிவிட்டது. முகம் கழுவவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கூட்டமாக இருக்கிற பால் கடையாகப் பார்த்துப் போனேன். கன்னத்தில் என்ன என்று யாராவது கேட்கட்டும் என்றிருந்தது.