மறு நிக்காஹ்

மீராசா ராவுத்தருக்குக் கடவுள் நம்பிக்கை எப்படிப் போயிற்று என்று கேட்பவர்கள் பெரிய கதை ஒன்றை எதிர்பார்ப்பார்கள். பிள்ளை செத்தது, வீடு எரிந்தது, அப்படி ஏதாவது. ஒரு மண்ணும் கிடையாது. ஆடிக்கொண்டிருந்த பல் ஒருநாள் சோறு தின்னும்போது கையோடு வந்துவிடுமே, அந்த மாதிரி நாற்பத்தெட்டாவது வயதில் கழன்று விழுந்தது. வலிக்கக்கூட இல்லை. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்கில் தராசு பிடிக்கிற மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகவில்லை. மறு வெள்ளியும் போகவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஊரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கும். தொழாத ஆண்கள் அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லில் எத்தனையோ பேர்.

வாயைத் திறக்க வைத்தவர் வெங்கிடாசலம். அதே கிடங்கில் குமாஸ்தா, பாலக்காட்டு ஐயர், யுக்திவாதி சங்கத்தின் செயலாளர். தெய்வம் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அவரைக் கிடங்கில் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். எழுபத்தொன்பதில் எர்ணாகுளத்தில் சங்கம் கூட்டம் போட்டபோது மீராசாவைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க பத்துப் பேர் பேசறதும் ஒண்ணு, நீர் ஒருத்தர் பேசறதும் ஒண்ணு, ராவுத்தரே. ஒரு முஸ்லிம் எழுந்து நின்னு சொன்னா அதோட எடுப்பே வேற" என்று கெஞ்சி மைக்கின் முன்னால் தள்ளிவிட்டார்.

மீராசா பேசியது நாலே வாக்கியம். மறுவாரம் சங்கத்தின் மலையாள நோட்டீஸில் அவர் பேரும், தகப்பன் பேரும், வீட்டு நம்பரும் அச்சாகி வந்துவிட்டன. அவருடைய தம்பி அபுசாலி மஹல்லுக் கமிட்டியின் காரியதரிசி. அந்த நோட்டீஸைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெரியாதவன் தெரிந்தவன் எல்லோரிடமும் பிரித்துக் காட்டினான். கமிட்டி கூடி மீராசாவின் பேரை வெட்டியது. ரோட்டில் சலாம் நின்றது. மீன்காரன்கூட முகத்தைப் பார்க்காமல் மீனை நிறுத்துப் போட்டான்.

பாத்துமுத்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி. ஐந்து வேளையும் தொழுதாள், முப்பது நோன்பும் பிடித்தாள். நோன்பு மாசத்தில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அடுப்படியில் நின்று, பகலில் புருஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டாள். "எனக்காகவும் சேர்த்து துஆ கேட்டியா?" என்று அவர் சீண்டுவார். "கேக்காம?" என்பாள். நாலு வருஷம் அப்படியே ஓடிப்போனது.

எண்பத்து மூன்றில் மகள் ஜரீனாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'என் மகளை உனக்கு மணம் முடித்துத் தந்தேன்' என்று சொல்ல வேண்டும். மீராசாவுக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அது வேண்டும். வேதத்தை நம்பாதவருக்கு அதன் சடங்கில் என்ன இத்தனை ஆசை என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. பெற்ற வயிறு என்று தாய்க்குச் சொல்கிறார்கள், தகப்பனுக்கு இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தார்.

அபுசாலி சாயா குடிக்க வருவதுபோல வந்தான். நாலு வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணே, வருத்தப்படாதீங்க. காபிர் பிடிச்சுக் குடுத்தா நிக்காஹ் செல்லாது. புள்ளைக்குச் சின்னத்தா நான் இருக்கேன்ல. நான் பிடிச்சுக் குடுக்கறேன். நீங்க அன்னைக்குப் புறத்தே நின்னா மதி, அது போதும்."

"என் மகளை நீ குடுக்கவா?"

"அப்ப வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வாங்க. ஜமாஅத்து முன்னால, அல்லாவைத் தவிர இறைவன் இல்லைன்னு கலிமா சொல்லுங்க. சொன்னா எல்லாம் பழையபடி" என்று அபுசாலி சாயாவை உறிஞ்சினான். கருப்பட்டி போட்ட சாயா அல்ல, ஆனாலும் அவ்வளவு ருசித்துக் குடித்தான்.

அவன் போனதும் ஜரீனா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாக்குத்தானே அத்தா. ஒருக்கச் சொல்லிட்டு வந்துருங்க. சின்னத்தா கையால என்னை அனுப்பிடாதீங்க."

நாக்குத்தான். வெறும் காற்று. இல்லாத கடவுளிடம் பொய் சொன்னால் கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனார்.

பள்ளிவாசல் குளத்தில் முதலில் குளிக்க வைத்தார்கள். புதிதாக இஸ்லாத்துக்கு வருகிறவன் குளித்துவிட்டு வர வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயது மனிதர், அந்தக் குளத்திலேயே நீச்சல் பழகியவர், துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் படிக்கட்டு நிறைய ஆட்கள் நின்று பார்த்தார்கள். மேலே ஏறியதும் அபுசாலியே தலையைத் துவட்டிவிட்டான். குத்பாப் பிரசங்கம் முடிந்ததும் எழுப்பி நிறுத்தினார்கள். கலிமாவைச் சொன்னார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள், மறுபடி சொன்னார். மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றான் அபுசாலி. மூன்றாம் தடவை சொல்லும்போது அவமானத்தில் கண்ணீர் கொட்டிவிட்டது. அதைப் பார்த்து எண்ணூறு பேரும் உருகிப்போய், வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள்.

சனிக்கிழமை கிடங்கில் வெங்கிடாசலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"நேத்தி சாயங்காலம் சங்கம் கூடித்து. உம்ம பேரை எடுத்துட்டோம். கொள்கைன்னு ஒண்ணு இருக்கோன்னோ."

மீராசா தராசுத் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "போன மாசம் உங்க மகனுக்குப் பூணூல் போட்டீங்க சாமி. நானே வந்து பாயசம் குடிச்சேன்."

"அது ஆத்துக்காரிக்காக. சடங்கு வேற, விசுவாசம் வேற. நீ நம்பறயான்னு என்கிட்ட எவன் கேட்டான்?"

"யாரும் கேக்கல. நீங்க கும்பிட்டாலும் ஐயர், கும்பிடாட்டியும் ஐயர். என்னைத்தான் குளிப்பாட்டிக் கேட்டாங்க."

வெங்கிடாசலம் நெற்றியைத் தடவிக்கொண்டார். நல்ல மனுஷன்தான், "நாளைக்குக் கல்யாணத்துக்கு அவசியம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்து வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் அல்ல, கிதாபில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். புருஷன் மார்க்கத்தை விட்டுப் போன அன்றைக்கே பழைய நிக்காஹ் அறுந்துவிட்டது, அதனால் நாளைக் காலையில் மகள் நிக்காஹுக்கு முன்னால் உங்கள் நிக்காஹைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். பாத்துமுத்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு சாப்பாடு போட்ட கையோடு அவள் தொழுகைப் பாயில் போய் உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்துக்காக என்று மீராசா நினைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. முன்அறையில் பாய் விரித்து அசரத்து, அபுசாலி, சாட்சிக்குக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். எதிரே புதுமாப்பிள்ளை மாதிரி சலவைச் சட்டையில் மீராசா. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. உள்ளறை வாசலில் திரை, திரைக்கு அந்தப்புறம் பாத்துமுத்து.

"பாத்துமுத்து, மீராசாவுக்கு உங்களை மறு நிக்காஹ் செஞ்சு தர சம்மதமா?" என்று அசரத்து கேட்டார்.

சத்தமில்லை. இரண்டாம் தடவையும் இல்லை.

"வாய் பேசாட்டி சம்மதம்னுதானே அர்த்தம். எழுதுங்க அசரத்தே, மாப்பிள்ளை வீட்டு வண்டி வர்ற நேரம்" என்றான் அபுசாலி.

"குமருக்குத்தான் அது. கூச்சத்துல பேச மாட்டாள்னு விட்டிருக்கு. ஒருக்க நிக்காஹ் முடிஞ்சு வாழ்ந்தவங்க வாய்விட்டுச் சொல்லணும்."

திரை லேசாக அசைந்தது. "அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் பாத்துமுத்து. "வெள்ளிக்கிழமை சொன்னது மனசறிஞ்சு சொன்னதா?"

எண்ணூறு பேரிடம் மூன்று தடவை சொன்ன பொய். நாலாவது தடவைக்கு நாக்கு தேய்ந்தா போய்விடும்? சாட்சிக்காரர்கள் சலிப்போடு பார்த்தார்கள். ஆனால் கேட்பது பாத்துமுத்து. இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் அவர் மறைத்தது ஒன்றுமில்லை. நோன்பில் சோறு பொங்கிப் போட்டவளுக்கு இந்தப் பொய் தெரியாமலா இருக்கும், தெரிந்துதானே கேட்கிறாள், தன்னிடமாவது நிஜத்தைச் சொல்லு என்றுதான் கேட்கிறாள் என்று அந்தப் பாவி மனுஷன் நினைத்துவிட்டார்.

"இல்ல பாத்து. புள்ளைக்காகச் சொன்னேன்."

மெதுவாகத்தான் சொன்னார். அறையில் இருந்த நாலு பேருக்கும் கேட்டுவிட்டது. அசரத்து பேனாவை மூடினார்.

"அப்படின்னா எனக்குச் சம்மதமில்ல" என்றாள் பாத்துமுத்து. "நிக்காஹ் அறுந்தது தெரியாம நாலு வருஷம் உங்களோட இருந்துட்டேன். அதுக்கு அல்லா என்னை மன்னிப்பான். இனிமே தெரிஞ்சு இருக்க முடியாது."

"பாத்து, நீ உண்மையைத்தானே கேட்ட?"

"ஆமான்னு ஒரு வார்த்தை வரும்னுதான் கேட்டேன். ராத்திரி பூராவும் அதைத்தான் துஆ கேட்டேன். நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். பொய்யா இருந்தா பாவம் உங்களோட போயிருக்கும், நான் உங்களோட இருந்திருப்பேன்."

அபுசாலி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவன் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை, வேலை சுலபமாக முடிந்த நிம்மதிதான். இனி யார் பிடித்துக் கொடுப்பது என்று அவனும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. மீராசா உள்ளறைப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். ஜரீனா மருதாணிக் கையோடு வாசலை மறித்து நின்றாள்.

"பள்ளியில அத்தனை பேருக்கும் சொன்னீங்க. எனக்காக இங்க ஒண்ணு சொல்ல முடியலையா அத்தா?"

அவள் அழவில்லை. கண்ணில் மை இட்டிருந்தார்கள், கலைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்தபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு நிக்காஹ். பந்தலுக்கு வெளியே, முஸ்லிம் அல்லாத விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் மீராசா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெங்கிடாசலம், கையில் சோடாவும் ஒரு பூவன்பழமும். "நீர் உள்ள போகலையா?" என்று கேட்டார். மீராசா இல்லை என்று தலையை ஆட்டினார். ஒலிபெருக்கியில் அபுசாலியின் குரல் கேட்டது: "மீராசா ராவுத்தர் மகள் ஜரீனாவை உனக்கு மணம் முடித்துத் தந்தேன்." அவருடைய பேர் இல்லாமல் அந்த நிக்காஹும் செல்லாது. பேர் மட்டும் உள்ளே போனது, ஆள் வெளியே இருந்தார்.

வெங்கிடாசலத்துக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சோறு பரிமாற ஆரம்பித்தார்கள். அடுப்படி வாசலில் பாத்துமுத்து வந்து நின்றாள். அவர் இருக்கும் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு, முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள், அந்நிய ஆண் முன்னால் இழுப்பது மாதிரியே. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு அவள் சொன்னது பெஞ்சுவரை தெளிவாகக் கேட்டது.

"வெளியில சாமியோட ஒரு ஆள் உக்காந்திருக்காரு பாரு. அவருக்குப் பசி தாங்காது. முதல்ல வச்சிரு."

தட்டு வந்தது. மீராசா கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.