தொட்டியில் கொழுத்த மூக்குத்திப் பூண்டு

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நான், கடிதத்தாளும் பேனாவுமாக. எனக்கு வலப்பக்கம் தங்கை, தான் வரைந்த படத்தைத் துண்டால் மூடியபடி. எதிரே அக்கா, பட்டாணி உரித்துக்கொண்டு. அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிண்டலுக்குக் காற்றோட்டம் வேண்டுமாம்.

பாடநூல்களுக்குப் படம் வரையும் வேலைக்குத் தங்கை மனுப் போட்டிருந்தாள். தெருவில் தானாக முளைக்கும் செடி ஒன்றை, முளைத்த இடத்தோடு வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று மாலைத் தபாலை விட்டால் வேலையும் போச்சு. அவள் மூக்குத்திப் பூண்டைத் தேர்ந்தெடுத்தாள். கையோடு ஒன்றைப் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டு, எருவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்துத்தான் வரைந்தாள்.

துண்டு விலகியது.

“அடேயப்பா! கீரை தளதளன்னு இருக்கே. கட்டு என்ன விலை?” என்றார் மாமா.

“மாமா! அது மூக்குத்திப் பூண்டு.”

“அப்படியா? பூவத் தேடணும்னா விளக்கு பிடிக்கணும் போலிருக்கே.”

“ஊட்டி ஊட்டி வளர்த்தா அது ஏன் பூக்கும்?” என்றாள் அக்கா. “சாப்பிட்டுட்டுத் தூங்கும், உங்கள மாதிரி.”

நாங்கள் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை.

“அண்ணா, நிஜமா சொல்லு. தெருவுல இப்படியா இருக்கும்?”

“இல்லம்மா,” என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த நிமிடம் நால்வரும் வாசலில் குனிந்து தேடினோம். மாமாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால், மழைநீர்க் குழாய் சுவரைத் தொடும் வெடிப்பில் நின்றது ஒன்று. சொரசொரவென்று சின்ன இலைகள். நீண்ட ஒல்லிக் காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டும், சுற்றிலும் நுனி பிளந்த வெளிறிய இதழ்களும். தங்கை புதுத் தாளும் பென்சிலுமாக அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, உங்க நிழல் விழுது. தள்ளுங்க.”

“எந்தப் பக்கம்மா? ரெண்டு பக்கமும் நான்தானே இருக்கேன்!”

வெடிப்பு, புழுதி, குழாயின் துரு, எதையும் அவள் விடவில்லை. மாமா எட்டிப் பார்த்தார். படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுதான் நம்ம தெருச் செடி,” என்றார். உடனே, “துருவையுமா போடணும்? வீட்டு மானமே கப்பலேறுது.”

“முளைச்ச இடத்தோடன்னுதானே கேட்டிருக்காங்க?”

படத்தோடு அனுப்ப எழுதியிருந்த பழைய கடிதத்தை நான் கிழித்துவிட்டு, ‘இடம்: சுவரும் மழைநீர்க் குழாயும் சேரும் வெடிப்பு’ என்று புதிதாக எழுதினேன். படத்தையும் கடிதத்தையும் உறையில் வைத்து, தங்கை பசை தடவி உள்ளங்கையால் அழுத்தினாள். மாமா ஸ்கூட்டரை, செடி மேல் ஏறாமல், ஜாக்கிரதையாகப் பின்னுக்கு எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் உறை விழுந்தது.