கியர் மாற்றிய கை

மொன்ஸா நகரத்துப் பொதுமக்களுக்கும், இனிமேல் பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வரும் சனிக்கிழமை பிற்பகல், கார்ப் பந்தயத் தகுதிச் சுற்று முடிந்த கையோடு, மாதா கோயில் அரங்கில், மனித குலம் கண்ட ஒரே உண்மையான பந்தயப் படமான 'சிவப்பு வளைவு' அழுக்கு நீக்கி, கீறல் போக்கி, புத்தம் புதிய பிரதியாகத் திரையிடப்படும். தலைவர் முன்னிலை வகிப்பார்.

அறிவிப்பை எழுதியவர் அந்தத் தலைவரே. பெயர் ஜெர்வாசியோ. பழைய பந்தயப் பட ரசிகர் சங்கத்தை அரசாளுகிறவர். தபால் நிலையச் சுவரில் அதைப் படித்த துணைத்தலைவர் ஓரெஸ்தேவுக்கு வயிறு குளிர்ந்தது. தன் குழியைத் தானே தோண்டி, சுவரொட்டி அடித்து ஊரையும் கூப்பிடுகிறானே என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் கதை என்று ஏதோ ஒன்று உண்டு. ஓட்டுநரின் மனைவி ஜன்னலோரம் நின்று, இத்தோடு விட்டுவிடுங்கள் என்று கண்ணீர் விடுவாள். அரங்கமே எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போகும். எஞ்சின் உறுமியதும் திரும்பி வந்து உட்காரும். அதன் பிறகு ஒருவர் வாய் திறக்க மாட்டார். திரையில் வளைவு நெருங்க நெருங்க, இருட்டில் அத்தனை இடது கால்களும் ஒரே நேரத்தில் தரையை அழுத்தும். கிளட்ச். தவறான இடத்தில் அழுத்தியவனை அடுத்த வருடம் வரை யாரும் காபி குடிக்கக் கூப்பிடுவதில்லை. பூசையில்கூட இவர்கள் இவ்வளவு ஒழுங்காக முழங்கால் போட்டதில்லை என்பது பங்குச் சாமியாரின் மனக்குறை.

மூன்றாவது வளைவில் வரும் காட்சிதான் எல்லாவற்றுக்கும் சிகரம். கையுறை போட்ட ஒரு வலது கை திரை முழுக்க நிறைந்து கியரை மாற்றும். ஓரத்தில் வட்டமான பக்கக் கண்ணாடி. அதில் வெளிறிய ஒரு கறை. அந்தக் கறை, ஓட்டுநரைத் துரத்தி வரும் மரணத்தின் முகம் என்று வாத்தியார் ஃபெரூச்சோ சங்க மலரில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கை யாருடையது என்பதில் மட்டும் ஊருக்குச் சந்தேகம் கிடையாது. நடிகருக்குப் பதிலாக வண்டியைப் பறக்கவிட்டது நான்தான் என்று ஜெர்வாசியோ நாற்பது வருடமாகச் சொல்லி வந்தார். அந்தக் கைக்காகத்தான் தலைவர் பதவி. அந்தக் கைக்காகத்தான் ரொட்டிக் கடையில் வரிசை விலகி வழிவிட்டது. அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஊரோடு இடது கையால்தான் குலுக்குவார்.

ஓரெஸ்தேவின் பெருமை அதற்கு ஒரு படி கீழே. அந்த வண்டியின் எஞ்சினுக்குச் சுருதி கூட்டிய மெக்கானிக் அவர். அப்படித்தான் அவர் சொல்லி வைத்திருந்தார்.

உண்மை அவருக்குத் தெரியும். அந்தக் காட்சியை எடுத்தது பந்தயப் பாதையில் அல்ல, ஊர் எல்லையில் இருந்த ஒரு நாற்காலிப் பட்டறையில். வண்டி நின்றது நின்றபடி இருந்தது. ஒருவன் விளக்குக்கு முன்னால் மரக்கிளையை ஆட்டினான், நிழல் ஓடுவதற்கு. வண்டியைப் பின்னால் இருந்து பிடித்துக் குலுக்கியவர் ஓரெஸ்தே. தலைக்கவசமும் மூக்குவரை துணியுமாக உள்ளே உட்கார்ந்திருந்தது யாரோ ரோமாபுரி நடிகன் என்பது அவர் தீர்மானம். ஆனால் இதை எப்படி வெளியே சொல்வது? நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. நாற்பது வருடம் விழுங்கினார்.

பிறகுதான் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. படம் எடுப்பதற்கு முன்பே, ஜெர்வாசியோவின் வலது சுண்டுவிரல் நுனியை மர அறுவை ரம்பம் தின்றுவிட்டிருந்தது. பழைய பிரதியில் கையுறை வெறும் கறுப்புப் பூச்சு. பளிச்சென்று சுத்தம் செய்தால்? முழு விரலும் தெரியும், முழுப் பொய்யும் தெரியும். மிலான் படக் காப்பகத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, புதுப் பிரதி போட வைத்தது ஓரெஸ்தேதான்.

"இன்னியோட அவன் கதை முடிஞ்சுது, நிவெஸ்" என்றார் மதியச் சாப்பாட்டில் மனைவியிடம்.

"முதல்ல சாப்பிடு, சோறு ஆறுது. அந்த ஆள் கதை முடிஞ்சா, அப்புறம் நீ யாரைப் பார்த்துப் பொருமுவே?"

"தலைவர் நாற்காலி காலியாகும்."

"அதுக்கு ஒரு கால் ஆடுது. அதுமாதிரி நம்ம வீட்டிலயே நாலு கிடக்கு."

அரங்க வாசலில் ஜெர்வாசியோ இடது கையை நீட்டினார். ஓரெஸ்தே பார்க்காதது போல் நின்றார்.

"வாய்யா மெக்கானிக்கு. உன் புண்ணியத்துல ஜனங்க என் கையை நல்லாப் பாக்கப் போறாங்க."

"நல்லாவே பாப்பாங்க, தலைவரே. விரல் விரலாப் பாப்பாங்க."

"பாக்கட்டும். உன் எஞ்சினையும் கேக்கட்டும். அன்னிக்கே காச நோயாளி மாதிரி இருமிச்சு."

"ஓட்டுறவன் லட்சணம் அப்படி இருந்தா, அது பாவம் என்ன பண்ணும்?"

"ஓட்ட வக்கில்லாதவன்தான்யா ஸ்பானரைத் தூக்கிட்டு அலைவான்."

விளக்கு அணைவதற்குள் ஓரெஸ்தே வரிசை வரிசையாகக் குனிந்து காதோடு காதாகச் சொல்லி முடித்தார். சுண்டுவிரலைப் பாருங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

முதல் வளைவு. கால்கள் அழுந்தின. இரண்டாவது. அழுந்தின. மூன்றாவதில் கை வந்தது. கையுறைத் தோலின் மடிப்புகூடத் தெரிகிற அளவுக்குச் சுத்தமான கை. சுண்டுவிரல் நுனியில் கையுறை உள்ளீடு இல்லாமல் தொங்கி, கியர் அசையும்போதெல்லாம் ஆடியது.

அது ஜெர்வாசியோவின் கைதான்.

ஓரெஸ்தே இருக்கையின் நுனிக்கு வந்தார். அந்தப் பட்டறையில், இந்தத் தடியனையா நாம் பொழுதன்றைக்கும் குலுக்கினோம்?

"நிறுத்துப்பா, அங்கேயே நிறுத்து" என்று ஜெர்வாசியோ படம் ஓட்டுகிறவருக்குக் குரல் கொடுத்தார். எழுந்து, சட்டைப்பையிலிருந்து வலது கையை எடுத்து, ஒளிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். குட்டை விரலின் நிழல் திரையில் விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. "முணுமுணுத்தவங்க எல்லாம் கிட்ட வந்து பாருங்க. துணைத்தலைவர் முதல்ல வரட்டும்."

கிட்டப் போனது வாத்தியார் ஃபெரூச்சோ. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை விட்டுவிட்டு, பக்கக் கண்ணாடியையே பார்த்தார். கறை போயிருந்தது. அங்கே ஒரு முகம் இருந்தது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, எதையோ பிடித்து உலுக்குகிற முகம். அதற்குப் பின்னால் சுவரில் வரிசையாக நாற்காலிக் கால்கள் மாட்டியிருந்தன.

"வாத்தியாரே, மரணம் வாயில ரொட்டி வெச்சிருக்கே" என்றது பின்வரிசை.

"காதைப் பாருய்யா, முறம் மாதிரி."

"அது என் புருஷன் காது" என்றாள் நிவெஸ். "எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றது. யாரோ மெதுவாக, "அப்போ வண்டி நிக்குதா?" என்றார்கள். ஜெர்வாசியோவின் கை இன்னும் மேலேயே இருந்தது. கீழே இறக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. இருட்டில் அழுத்திய இடது கால்கள் அழுத்தியபடியே இருந்தன. எடுப்பதா வேண்டாமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

எழுதிய பக்கங்களில் ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்த ஃபெரூச்சோ, ஓரெஸ்தே பக்கம் திரும்பினார். "சரி, வண்டி ஓடலை. அந்த எஞ்சினாவது நீ சுருதி கூட்டினதுதானே?"

ஓரெஸ்தே ஜெர்வாசியோவைப் பார்த்தார். ஜெர்வாசியோ ஓரெஸ்தேவைப் பார்த்தார்.

அந்த வண்டியில் எஞ்சினே இல்லை.