சோதனைக்கு முந்தைய பத்தியம்

இரவுச் சாப்பாட்டுக்கு வெண்டைக்காய்ப் பொரியல் மட்டும் போதும் என்று அச்சுதன் சொன்னதுமே, ரத்தப் பரிசோதனை வரப்போகிறது என்று நாகலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் சேலையூரில் ஒரு வளைகாப்புப் பந்தியில் பால் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்த மனிதர். இப்போது வெந்தயத்தை ஊறவைக்கிறார், காபியில் சர்க்கரையை நிறுத்துகிறார், ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிறார். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் தொடும் பையன்களைத் திட்டியே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர்.

முடிவு வந்ததும் 'எல்லாம் நார்மல்' என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவார். அவருடைய அப்பா அறுபதைப் பார்க்கவில்லை. அண்ணன்கள் இருவரும் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததே கால் அழுகிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் டெஸ்ட் ஏது, வாக்கிங் ஏது என்று தன் அறுபத்து நான்கு வயதைப் பதக்கம்போல மாட்டிக்கொண்டு அவர் பேசும்போதெல்லாம், குளியலறை மூலையில் மொய்க்கும் எறும்புகள்தான் நாகலக்ஷ்மிக்கு நினைவில் வரும். நாவலூரிலிருந்து போனில் பேசிய மகள் மிருதுளாவிடம் அதைச் சொன்னாள். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு, கடைசி நேரப் பத்தியம் அதில் செல்லாது என்றாள் மகள்.

காலையில் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"வெறும் வயித்துல நார்மலா இருக்கும்போது அது எதுக்கு? லேப்காரன் காசு பிடுங்கறதுக்கா?"

"மூணு மாசக் கணக்கு கேட்டா, கணக்கு வாத்தியாருக்கே பயமா?"

அச்சுதன் பேப்பரை மடித்து வைத்தார். "இந்த வயசுல எங்க வீட்டு ஆம்பளைங்க யாராவது உயிரோட இருந்தாங்களா? அதப் பாரு மொதல்ல."

சொல்லிவிட்டு நடைக்குக் கிளம்பிவிட்டார். அவள் மகளுக்குப் போன் செய்து, ரத்தம் எடுக்க வருபவர்களிடம் அந்தச் சோதனையையும் சேர்த்துச் சொல்லிவிடச் சொன்னாள். அவருக்குத் தெரியவேண்டாம்.

வெயில் ஏறும் நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை என்றார், பெருமையாக. நாகலக்ஷ்மி அவர் காலைப் பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

"கால்லதான் இருக்கு" என்றபடி, குனிந்துகூடப் பார்க்காமல், வெந்தயத் தண்ணீருக்காக அடுக்களைக்குள் போனார். கேட்டிலிருந்து கூடம் வரை, வெள்ளை டைல்ஸில், இடது காலின் தடம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது.