இன்றைக்கு யார் முறை?

"மஹோ, சோறு ஆறுது!"

மறுபடி மறுபடி கூப்பிட்டும் பெண் திரும்பவில்லை. தோஷியே மிசோ சூப்புக் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மகளின் இடப்பக்கத்துக் கூந்தலை ஒதுக்கிப் பார்த்தாள். காது கன்றிச் சிவந்து கிடந்தது.

"மறுபடியும் அடிச்சாரா உங்க கோச்?"

"விடும்மா. ஒண்ணுமில்ல."

"இந்தக் காதுல கேக்குதா இல்லையா? அதைச் சொல்லுடி."

மஹோ ஊறுகாயைக் கடித்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் அப்பா ஷோஜிதான் பேசினார்.

"அடிக்கிற கைதான் அணைக்கும். உருப்படாதவளை எந்தக் கோச்சும் தொட மாட்டான். நீயும் காலேஜ்ல வாலிபால் ஆடி அடி வாங்கினவதானே, செத்தா போயிட்ட?"

வாங்கினவள்தான். அதனால்தான் தோஷியேவுக்கு வயிறு எரிந்தது.

மஹோ கல்லூரி வாலிபால் அணியின் செட்டர்; மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். சில அணிகளில் இதற்கு இரண்டு பேர் வைத்துக்கொள்வார்கள். ஹோரியுச்சி கோச்சுக்கு ஒருத்தி போதும். இடம் மாறிச் சுற்றி அவள் முன்வரிசைக்கு வந்துவிட்டால், வலையோரம் நிற்கும் மூன்று பேரில் அடிக்க மிஞ்சுவது இரண்டே பேர். அணி தடுமாறுவதும் அங்கேதான், கோச் டைம்-அவுட் கேட்பதும் அங்கேதான். "யார் தப்பு?" என்பார். யாராவது ஒருத்தி முன்னால் வந்து கன்னத்தைக் காட்டியாக வேண்டும்.

"முன்னல்லாம் எப்பவும் நான்தான் போவேன்," என்றாள் மஹோ, கிண்ணத்தைப் பார்த்தபடி. "இப்ப முறை வச்சுக்கிட்டோம். சர்வீஸ் போடுற வரிசைப்படி, ஆளுக்கொரு மேட்ச். இன்னைக்கு கானோ முறை. முதல் வருஷப் பொண்ணும்மா. பயத்துல நேத்து வாந்தி எடுத்தா."

அட பாவமே! அடி வாங்க முறை போட்டுக்கொண்டிருக்கின்றன பிள்ளைகள். எதற்கு அடிக்கிறாய் என்று கேட்க மட்டும் ஒரு நாதியில்லை.

"இன்னைக்குக் கோச்சுக்கு டீ குடுக்கிற முறை எனக்கு," என்றாள் தோஷியே. அணிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அப்படியொரு முறை உண்டு. "என் பொண்ணு காதைத் தொடாதீங்கன்னு நேராவே சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லு. நாளைக்கே அவளை பெஞ்சுல உக்கார வைப்பார். அப்புறம் கம்பெனி டீம்ல வேலைக்கு யாரு சிபாரிசு பண்ணுவா, உங்கப்பனா?" என்றார் ஷோஜி.

மஹோ அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமா சொல்லுவியா?"

"சொல்றேன்டி."

கல்லூரி அரங்கிலேயே பயிற்சி ஆட்டம். இரண்டாவது செட்டில் மஹோ முன்வரிசைக்கு வந்ததும் புள்ளிகள் மளமளவென்று போயின. டைம்-அவுட். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் குனிந்து தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். தோஷியே மட்டும் குனியவில்லை.

"யார் தப்பு?"

கானோவுக்குக் கால் எழவில்லை. உதடு கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. கோச் அவள் பக்கம் திரும்பினார்.

"என் தப்பு!" என்று மஹோ குறுக்கே வந்து நின்றாள்.

அறைந்த சத்தம் மாடம்வரை கேட்டது. அதே இடப்பக்கம். தோஷியேவின் கை தன்னையறியாமல் தன் காதைப் பொத்திக்கொண்டது.

பக்கத்திலிருந்த கானோவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பொண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு! இந்த நன்றியை எப்படித் தீர்க்கப் போறேனோ." கொஞ்சம் பொறுத்து, "ஆட்டம் முடியப் போகுது, டீ எடுத்து வைங்க. லேட்டானா அவருக்குக் கோவம் வரும்," என்றாள்.

தட்டை ஏந்திப் படியிறங்கும் வழியெல்லாம் தோஷியே அதே வாக்கியத்தைத்தான் முணுமுணுத்தாள். காதைத் தொடாதீங்க, காதைத் தொடாதீங்க.

"அடடே, மஹோ அம்மாவா!" கோச் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு. இன்னும் கொஞ்சம் தட்டினா தேறிடுவா."

கோப்பைக்காக நீண்ட அவர் உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா என்ன சொல்ல வந்திருக்கிறாள் என்று தெரிந்த ஒருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். தோஷியே இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி வாயைத் திறந்தாள்.

"சூடா இருக்குங்க. கை சுட்டுடப் போகுது, பாத்துப் பிடிங்க."

சொல்லிவிட்டு இடுப்பு வளைய வணங்கினாள். நிமிர்ந்தபோது மஹோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பக்கம் இருந்தது அந்த இடக்காது.