கோட்டை கட்டிய சூரியன்

1991 பங்குனியில் ஒரு நாள், உச்சிவேளையில் கிளியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அடேயப்பா! சூரியனைச் சுற்றி அப்படியொரு வட்டம். உட்புறம் இலேசாகச் சிவந்து, வெளியே வெளுத்து, கோலம் போட்ட மாதிரி இருந்தது. வடக்குப்பட்டுச் செங்கல் களமே கை மண்ணோடு நின்று வேடிக்கை பார்த்தது.

"சூரியன் கோட்டை கட்டிக்கீது! மழை வரப்போவுது, கல்ல மூடுங்க!" என்று மேஸ்திரி தசரதன் கத்தினார்.

அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் வரிசைக்கு ஓடினார்கள். நனைந்தால், சூளையில் சுடாத பச்சைக்கல் சேறாகிவிடும்.

கிளியம்மாளின் கற்களை அவள் புருஷன் சாம்சன் மூடினான். அவள் கண்ணோ களத்தின் மறுகோடிக்குப் போயிற்று. அங்கே அக்கா சந்திரம்மாள் காலையில் அச்சில் அறுத்த கல் அத்தனையும் திறந்து கிடந்தது. அக்கா சாமான் வாங்கச் சுங்குவார்சத்திரம் போயிருந்தாள்.

தாயில்லாத கிளியம்மாளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த அக்காதான். தங்கை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே களத்தில் வேலை, ஒரே குழாயில் தண்ணீர், என்ன வைராக்கியம் பாருங்கள்! திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலை. பிள்ளை பிறப்பதற்குள் அக்கா வாய் திறந்து பேசிவிட வேண்டும் என்பதைத் தவிர கிளியம்மாளுக்கு வேறு ஆசையே இல்லை.

சாம்சன் தடுக்கத் தடுக்க, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பனை ஓலைகளை இழுத்துப்போய் அக்காவின் கற்களை மூடினாள்.

மழையா? ஒரு தூறல்கூட இல்லை. மூன்று மணிக்கெல்லாம் வட்டம் கலைந்து வெயில் மண்டையைப் பிளந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சந்திரம்மாள் ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். குச்சி நட்டு, அதன்மேல்தான் ஓலை பரப்ப வேண்டும். கிளியம்மாள் அவசரத்தில் ஈரக்கல் மேலேயே போட்டுவிட்டிருந்தாள். கல்லுக்குக் கல் ஓலை பதிந்து பாழாகிக் கிடந்தது.

"எவ என் கல்லத் தொட்டது?"

"நான்தான்க்கா. மழை வந்துடுமேன்னு..."

சந்திரம்மாள் திரும்பினாள். தங்கையின் கீறல் விழுந்த கைகளையும் வயிற்றையும் பார்த்தாள்.

"அறிவு கீதாடி உனக்கு? வர்ற வெள்ளியோட ஏழு மாசம் முடியுது, ஓலையா இழுத்துகினு கீற? கல்லு போனா வேற அறுத்துக்குவேன். உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னாடி பண்ணுவேன், பாவி?"

கிளியம்மாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டுக்கா," என்றாள். "இன்னும் நல்லா திட்டு."