வேறு வேறு சட்டைகள்

...இல்லை, அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கக் கூடாது, இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் போட்ட நாற்காலி அது, கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்த அறையில் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அங்கே உட்கார்ந்தால் பின்னால் இருப்பவனுக்கு முதுகும் கொண்டையும்தான் தெரிகின்றன, முகத்தைப் பார்க்காமல் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது... சுவரோரத்து சோபாவில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போலக் கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கம்பி. தலை பாதி நரைத்த பிறகும் எல்லோருக்கும் அவன் கம்பிதான். அந்தப் பெயரை வைத்தவளே அக்காதான், முதல் மேடையில் விளக்கு முகத்தில் விழுந்ததும் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடிப்போனவனைப் பற்றி மைக்கிலேயே, "எங்க கிட்டார்காரன் கம்பி நீட்டிட்டான், கொஞ்சம் பொறுங்க, புடிச்சுட்டு வர்றேன்" என்று அவள் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொன்னபடியே வந்து பிடித்தாள், காதைத் திருகி இழுத்துவந்து தனக்கு இடதுபக்கம் நிற்க வைத்தாள், என்னை மட்டும் பாத்து வாசிடா, வேற எங்கயும் பாக்காத என்றாள். அதற்குப் பிறகு இருபது வருடம் அவன் வேறு எங்கும் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்க முடியவில்லை, அந்தக் கொண்டையைத் தவிர... மிக்ஸிங் போர்டுக்கு முன்னால் இருந்த ஒலிப்பதிவாளர், குழுவில் எல்லோரும் 'காது' என்று கூப்பிடும் மனிதர், ஒருமுறை திரும்பி, ஆரம்பிக்கட்டுமா என்று புருவத்தால் கேட்டார். இவன் தலையாட்டுவதற்குள் அக்கா கையை உயர்த்தி ஆரம்பி என்று சைகை காட்டிவிட்டாள். அதுவும் பழைய வழக்கம்தான், ஆரம்பிப்பது எப்போதும் அவள்.

அவன் செய்து முடித்த ஆல்பத்தின் முதல் பாட்டு மெதுவாக வந்தது, குரல் இல்லை, ஒற்றைக் கிட்டார், அடியில் லேசான இரைச்சல், ப்ளூஸ் போலத் தொடங்கி நடுவில் டிரம்ஸ் விழுந்ததும் ராக் ஆகிவிடும், அந்த இடத்தில் அவள் நிமிர்வாள் என்று எதிர்பார்த்தான், நிமிரவில்லை, குனியவும் இல்லை. இந்த மெட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பிறந்தது என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமோ... அக்காவுக்குத் தொண்டைக் கரகரப்பு, தொடர்ந்து பாடிய கச்சேரிகள்தான் காரணம், நல்லா ஓய்வு கொடுத்தா சரியாயிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், இவனும் நினைத்தான், கொஞ்சம் கரகரப்பாகப் பாடினால் ராக்குக்கு இன்னும் எடுப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுக்கூடச் சொன்னான், கடவுளே, அதையும் சொன்னான். பிறகு டாக்டர் ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்து, இதை முழுசா எடுத்தாத்தான் உயிருக்குப் பயமில்லை என்று பேனாவால் சுழித்துக் காட்டினார், சுழித்த இடம் குரல்வளை. படம் வரைந்தவருக்கு அது குரல்வளை. இவனுக்கு அது ஊரும் மேடையும் சோறும் இருபது வருடமும்... இப்போது அக்கா கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறாள், அதன்மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி கட்டியிருக்கிறாள், பேச வேண்டுமென்றால் சின்ன டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பட்டனைத் தட்டி வாயசைக்கிறாள், அது ர்ர்ர் என்று வண்டு குடைவது போல ஒரே குரலில் பேசுகிறது. முதல் முறை அந்தக் கருவியால் அவள் சொன்னது இவன் பெயரை, கம்பி என்று. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இவன் என்ன செய்தான், அது எந்தச் சுருதி என்று பார்த்தான், கிட்டாரின் ஐந்தாம் கம்பியைச் சும்மா தட்டினால் வருவதற்கு ஒரு மயிரிழை கீழே, மனதுக்குள் முடுக்கித் திருத்தக்கூடச் செய்தான்... இதை யாரிடம் சொல்வது, சொன்னால் மனுஷனாடா நீ என்று கேட்க மாட்டார்களா?

இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இல்லை, மூன்றாவதுக்கே வந்துவிட்டதோ, ஊதுகருவிகள் அணிவகுப்பு போல வந்து மூன்றடி வால்ட்ஸ் தாளத்துக்குள் தடுமாறி விழும் இடம், காது இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த இடம் அது. இதற்கு அடுத்தது டிரம் மெஷினை வைத்துக்கொண்டு செய்தது, அதற்கு அடுத்ததில் கைமுரசும் கடுமையான மெட்டலும், ஆல்பம் முழுக்க இப்படித்தான், ஒரு பாட்டு இருந்த வீட்டில் அடுத்த பாட்டு இருக்காது. வெளியிடும் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இத எந்தப் பேர் சொல்லி விக்கிறது, பாட்டுக்காரியும் இல்ல என்று இழுத்தார், பாட்டுக்காரி இல்லாததற்குக் காரணம் தெரிந்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்ததே, அட இதுதான் தம்பி கதை, இதையே அட்டையில போட்டுடுவோம், 'குரலை இழந்த என் அக்காவுக்கு', ஒரே வரி, ஜனங்க உருகிடுவாங்க. இவன் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, அக்காவக் கேட்டுச் சொல்றேன் என்றான். அதைக் கேட்கத்தான் இன்று அவளை வரவழைத்தது, ஆனால் போனில் சொன்னது, எல்லாம் முடிஞ்சுருச்சுக்கா, வந்து ஒரு தடவ கேட்டுடு, அவ்வளவுதான். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமா காரில் கொண்டுவந்து விட்டார், மேலே வரவில்லை, உங்க ரெண்டு பேர் சமாச்சாரம், நான் எதுக்கு நடுவுல என்று கீழேயே நின்றுகொண்டார். உண்மையில் அந்த வரி பொய்யா என்ன, இழந்தாள்தானே, அவளுக்காகத்தானே இத்தனையும், ஒவ்வொரு மெட்டும் அவள் குரல் எட்டும் உயரத்துக்கு மேலே போகாமல், அவள் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டாரும் நின்று... கிட்டாருக்கு எதற்கு மூச்சு?

அப்போதுதான் கண்ணாடியைக் கவனித்தான். பாடுகிறவர்கள் நிற்கும் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவிலிருக்கும் பெரிய கண்ணாடி, அந்தப் பக்கம் விளக்கு அணைத்திருந்ததால் அக்காவின் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது, முகத்தைவிடத் தெளிவாகக் கழுத்துத் துணி தெரிந்தது, மூச்சு உள்ளே போகும்போது துணி கொஞ்சம் குழிந்தது, வெளியே வரும்போது புடைத்தது. குழிந்தது, புடைத்தது. மெட்டலிலும் அதே வேகம், வால்ட்ஸிலும் அதே வேகம், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மூச்சு விடுவது போல... ஒரு இடத்தில் அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். அந்த இடத்தை வாசித்தபோது இவன் அழுதிருந்தான், காது பதிவை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றிருந்தார், அந்த இடத்தில் அவள் நகத்தைப் பார்க்கிறாள். கோபம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. உடம்பு சரியில்லாதவளிடம் கோபப்படுவது என்ன நியாயம், ஆனால் அவள் இப்போது உடம்பு சரியில்லாதவள் இல்லையே, வேலைக்குப் போகிறாள், மாடிப்படியை இவனுக்கு முன்னால் ஏறி வந்தாள், பிறகு யாரை நினைத்து இவன் இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறான்?

பிறகு லாரிப் பாட்டு வந்தது. அதை எடுத்துவிடச் சொல்லித்தான் இவன் மன்றாடினான், காதுதான் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். கச்சேரிக்குப் போகும் வழியில் வேன் நின்றுபோன ஒரு மத்தியானம், எதிரே ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டே கீச்கீச்சென்று ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதியது, எல்லோரும் எரிச்சலில் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க அக்கா மட்டும் ரோட்டோரத்தில் இறங்கி அந்த மெட்டுக்கு மேலே பாட ஆரம்பித்தாள், வார்த்தை இல்லை, டட்டாரா டட்டா, லாரி டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வண்டியை முன்னால் எடுத்து வேண்டுமென்றே மறுபடி பின்னால் வந்தான். அந்தக் கூத்தைத்தான் ஒரு நாள் விரல் சும்மா இருக்க வேண்டாமே என்று வாசித்து வைத்தான், துள்ளாட்டமான டிரம்ஸ், ஒரு ஓட்டை டிரம்பெட், இத்தனை துக்கத்துக்கு நடுவில் கோமாளி மாதிரி... கண்ணாடியில் துணி நின்றது. குழிந்து, அப்படியே நின்றது. அய்யோ, மூச்சு முட்டுகிறதா என்று இவன் பாதி எழுந்துவிட்டான், அதற்குள் மெட்டின் வரி தொடங்கியது, துணி மெல்ல மெல்லப் புடைத்து வரி முடியும் வரை போனது, முடிந்ததும் சட்டென்று குழிந்தது, மறுபடி அடுத்த வரிக்கு மெல்ல... வாய் மூடித்தான் இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் அது இவனுக்குத் தெரியாதா, இருபது வருடம் இடதுபக்கம் நின்று பார்த்தவனுக்கு, அக்கா பாடுகிறாள்.

ஆல்பம் முடிந்தது. காது எதையோ துடைக்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டார். அக்கா நாற்காலியோடு திரும்பினாள், கண்ணில் ஈரம் இல்லை. எப்படிக்கா என்று கேட்க நினைத்தவன் வாயிலிருந்து வேறு வந்தது, அட்டையில ஒரு வரி போடணும்னு கம்பெனில கேக்கறாங்கக்கா என்று ஆரம்பித்து, வரியையும் சொல்லி, நீ வேண்டாம்னா வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டான். அவள் கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தாள்.

"நான் எங்கடா போனேன்?"

அந்த ஒற்றைக் குரலில் அது கேள்வியா, கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் கம்பி என்று கூப்பிடுவதிலேயே அன்றைய வானிலை தெரிந்துவிடும், இப்போது சொல் மட்டும் வருகிறது, மற்றதை இவனே போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது, இத்தனை நாளாக எதைப் போட்டு நிரப்பினான்?

"இல்லக்கா, உனக்காகத்தான்..."

"எல்லாப் பாட்டுலயும் ஒரே ஆளு வேற வேற சட்டையப் போட்டுட்டு வந்து அழறான். பாக்கப் பாவமா இருக்கு. ஆனா அது நான் இல்ல." பட்டனை விட்டாள், மூச்சு வாங்கினாள், மறுபடி அழுத்தினாள். "அந்த லாரில மட்டும் நான் இருக்கேன்."

"அப்ப மத்ததுல அழறது யாருக்கா?"

"என்னக் கேட்டா? நீதானே வாசிச்சே."

காது களுக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அக்காவும் சிரித்தாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. கம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அழவே இல்லையாக்கா என்று கேட்டான், சின்னப் பிள்ளை மாதிரி, குற்றம் சாட்டுகிறவன் மாதிரி, ஆபரேஷன் முடிஞ்சு ஒரு தடவகூட நீ அழுது நான் பாக்கலியே என்று. அவள் கருவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள், சொல்லலாமா என்று யோசிப்பவள் போல.

"அழாம இருப்பேனா? நல்லா அழுதேன். நீ வராத நாளாப் பாத்து அழுதேன்."

"ஏன்க்கா?"

"நீ இருந்தா அப்புறம் உன்ன யாரு சமாதானப்படுத்தறது."

கம்பி சோபாவிலிருந்து எழுந்தான். அந்த வரி வேண்டாம் என்று காதிடம் சொன்னான், கம்பெனிக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றான், காது சரி என்று எழுந்து அக்காவுக்குக் கதவைத் திறந்து விட்டார். தான் நெடுநாளாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவரை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது, அழுதது அக்காவுக்காக இல்லையென்றால், அவளுக்கு இடதுபக்கம் யாரும் பார்க்காத இடத்தில் கிட்டாரோடு நின்றிருந்தானே ஒரு கம்பி, அவனுக்காகவா, அவன் செத்ததற்கா இத்தனை பாட்டு... சீ, என்ன நினைப்பு இது.

மாடிப்படியில் அவளோடு இறங்கினான். கீழே வெயில், காரில் சாய்ந்து நின்ற மாமா எப்படி இருந்தது என்று கேட்க, அக்கா கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள், சுமார் என்று. மாமா இவனைப் பார்த்துப் பயந்துபோய், இல்ல இல்ல, விளையாட்டுக்குச் சொல்றா என்றார். கார்க் கதவைத் திறந்தவள் நின்று, கருவியை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா."

"வர்றேன்க்கா."

"சும்மா வா. கிட்டார் வேண்டாம்."

கார் திரும்பி மறைந்த பிறகும் அவன் வாசலிலேயே நின்றான். கிட்டார் வேண்டாம்... ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் வீட்டுக்கு அவன் வெறும் கையோடு போனதே இல்லை, போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிடுவான், பேச முடியாதவளோடு வேறு என்ன செய்வது, மாமா டீ கொண்டுவந்து வைப்பார், அக்கா கட்டிலில் கண்ணை மூடிக்கொள்வாள், எவ்வளவு ஆழமாகக் கேட்கிறாள் என்று இவனுக்கு உடம்பு சிலிர்க்கும், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வாசித்துக்கொண்டே இருப்பான்... வாசி என்று அவள் ஒரு நாளாவது கேட்டாளா? யோசித்துப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, இவன் கிட்டாரை உறையில் போட்டதும் திறந்தது ஞாபகம் இருக்கிறது, ஜிப்பை இழுக்கும் சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து இவனையே பார்ப்பது, பக்கத்து ஸ்டூலில் இருக்கும் கருவியை நோக்கி அவள் கை போவது, அதற்குள் இவன், சரிக்கா, நீ படு, நான் கிளம்பறேன் என்று எழுந்துவிடுவது...